அன்னதானத்துக்கு அப்பால்: இல்லங்களில் வளரும் குழந்தைகளின் அறிவு

(எங்கள் புணே கிளையின் மகளிர் பிரிவுக் கூட்டத்தில் நான் பேசியதன் எழுத்து வடிவம். மற்ற ஊர்களில் உள்ள அங்கத்தினர்களும் படிக்க வேண்டும் என்று இதழாசிரியர் கேட்டுக்கொண்டதால் சற்றுச் சுருக்கித் தந்திருக்கிறேன்.)



செயலாளர் மாமி என்னைப் பேசக் கூப்பிட்டபோது, "காலேஜ் பாடம் மாதிரி வேண்டாம், எல்லாருக்கும் புரியும்படி சொல்லுங்கோ" என்றார். முப்பத்தொரு வருஷம் குழந்தை வளர்ச்சியைப் பற்றி வகுப்பெடுத்தவளுக்கு இது கஷ்டமான நிபந்தனைதான். முயன்று பார்க்கிறேன்.

நம் சங்கத்தில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. பேரனுக்கு ஆயுஷ்ஹோமம், ஆத்தில் சஷ்டியப்தபூர்த்தி, அப்பா அம்மா திதி என்று ஏதாவது ஒரு விசேஷம் வந்தால், அனாதைக் குழந்தைகள் இல்லத்துக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுகிறோம். பலர் நேரிலேயே போய் ஸ்வீட் பரிமாறிவிட்டு வருகிறோம். நானும் வருஷக்கணக்கில் அப்படிப் போனவள்தான்.

அங்கே நாம் கேட்டுக்குள் நுழைந்தவுடன் என்ன நடக்கிறது? இரண்டு வயசு, மூன்று வயசுக் குழந்தைகள் ஓடி வந்து நம் காலைக் கட்டிக்கொள்ளும். தூக்கச் சொல்லிக் கையை நீட்டும். "என்ன பாசம்!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பி வருவோம்.

இப்போது நம் வீட்டுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். ஒன்றரை வயசுப் பேத்தி இருக்கும் வீட்டுக்கு முன்பின் தெரியாத ஒருவர் வந்தால் அவள் என்ன செய்வாள்? அம்மாவின் புடவைத் தலைப்புக்குள் ஒளிந்துகொண்டு ஒரு கண்ணால் மட்டும் பார்ப்பாள். "வெட்கம்" என்று நாம் சொல்வது உண்மையில் ஆரோக்கியத்தின் அடையாளம். 'இவர் என்னுடையவர், இவர் வேற்று மனிதர்' என்று அந்தக் குழந்தைக்குத் தெரிந்திருக்கிறது. யார் வந்தாலும் ஒரே மாதிரி ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும் குழந்தைக்கு, பெரும்பாலும், தன்னுடையவர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை.

இல்லங்களில் வளரும் குழந்தையை எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதற்கும் அதன் அறிவு வளர்வதற்கும் என்ன சம்பந்தம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயம்.

சாப்பாடு, சுத்தம் மட்டும் போதுமா?

ரெனே ஸ்பிட்ஸ் என்ற மனநல மருத்துவர் 1945-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இரண்டு இடங்களில் வளர்ந்த கைக்குழந்தைகளை அவர் ஒப்பிட்டார். ஒன்று கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம். நல்ல உணவு, டாக்டர், சுத்தம் எதற்கும் குறைவில்லை. ஆனால் ஏறக்குறைய எட்டுக் குழந்தைகளுக்கு ஒரு நர்ஸ். தொட்டில்களின் பக்கவாட்டில் துணி தொங்கும். குழந்தை மல்லாந்து படுத்தால் கூரை மட்டுமே தெரியும். மற்றொன்று பெண்கள் சிறையில் இருந்த குழந்தைகள் பிரிவு. அங்கே தண்டனை பெற்ற தாய்மார்கள் தங்கள் குழந்தைகளைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

வளர்ச்சியை அளக்கும் எண்ணில் 100 என்றால் வயதுக்கு ஏற்ற வளர்ச்சி. இல்லத்துக் குழந்தைகள் முதல் நான்கு மாதங்களில் 124-ல் இருந்தார்கள். வருஷக் கடைசியில் 72-க்கு இறங்கிவிட்டார்கள். சிறையில் வளர்ந்த குழந்தைகள் 101-லிருந்து 105-க்கு வந்தார்கள். சுத்தமான இல்லத்தைவிடச் சிறைச்சாலை குழந்தையின் மூளைக்கு நல்ல இடமாக இருந்தது என்றால், காரணம் என்னவாக இருக்கும்?

இதற்குச் சில வருஷங்கள் முன்பே அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹெரால்ட் ஸ்கீல்ஸ் என்பவர் இன்னொரு விசித்திரத்தைக் கண்டார். அனாதை இல்லத்தில் மந்தமாக இருந்த 13 சிறு குழந்தைகளை, மனவளர்ச்சி குன்றிய பெண்கள் தங்கியிருந்த விடுதிக்கு அனுப்பினார்கள். அந்தப் பெண்களுக்குப் படிப்பு கிடையாது. ஆனால் ஒவ்வொரு குழந்தையையும் யாராவது ஒருத்தி தன் குழந்தையாகவே எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் சித்தி, பெரியம்மா மாதிரி சுற்றி நின்றார்கள். நாள் முழுவதும் பேச்சு, விளையாட்டு. அந்தக் குழந்தைகளின் ஐ.க்யூ. சராசரி 64-லிருந்து 92-க்கு ஏறியது. அனாதை இல்லத்திலேயே இருந்துவிட்ட 12 குழந்தைகளின் சராசரி 87-லிருந்து 61-க்கு இறங்கியது.

பல வருஷம் கழித்து அதே குழந்தைகளைத் தேடிப்பிடித்து 1966-ல் முடிவை வெளியிட்டார். முதல் கூட்டத்தில் 13 பேரும் சொந்தக் காலில் நின்றார்கள். ஏறக்குறைய பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருந்தார்கள். இரண்டாம் கூட்டத்தில் பாதிப்பேர் மூன்றாம் வகுப்பைக்கூட முடிக்கவில்லை. ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் கூட்டத்தில் 11 பேர் பிறகு நல்ல குடும்பங்களுக்குத் தத்துப் போனார்கள். எனவே பெருமை முழுவதும் அந்த விடுதிக்கே சேராது. ஆனால் தத்துக் கொடுக்கத் தகுதியில்லை என்று கருதப்பட்ட குழந்தைகளுக்கு அந்தக் கதவைத் திறந்துவிட்டவர்கள் அந்தப் பெண்கள்தான்.

நம் பாட்டிமார்கள் பலர் பள்ளிக்கூடம் பார்க்காதவர்கள். அவர்கள் மடியில் வளர்ந்த பிள்ளைகள்தான் பிறகு இன்ஜினீயரும் ஆடிட்டரும் ஆனார்கள். அது எப்படி என்பதற்கு இதில் கொஞ்சம் விடை இருக்கிறது.

"இதெல்லாம் பழைய கதை, சின்னக் கணக்கு" என்று யாராவது சொல்லலாம். நியாயமான ஆட்சேபணைதான். ருமேனியாவில் 1989-ல் சர்வாதிகார ஆட்சி வீழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு இல்லங்களில் இருந்தது வெளியுலகுக்குத் தெரியவந்தது. 2000-க்குப் பிறகு நெல்சன், ஃபாக்ஸ், ஸீனா என்ற மூன்று அறிஞர்கள் தலைநகர் புகாரெஸ்டில், ஆறு மாதம் முதல் முப்பத்தொரு மாதம் வரை வயதுள்ள 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப்பேர் பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். மற்றவர்கள் வழக்கமான ஏற்பாட்டில் தொடர்ந்தார்கள். நாலரை வயதில் பார்த்தபோது, இல்லத்தில் இருத்தப்பட்டவர்களின் ஐ.க்யூ. சராசரி 73, வளர்ப்புக் குடும்பத்துக்குப் போனவர்களுக்கு 81, பிறந்த வீட்டிலேயே வளர்ந்த குழந்தைகளுக்கு 109. இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அதிகம் தேறினார்கள். குலுக்கல் முறை என்பதால், "கெட்டிக்காரக் குழந்தைகளைப் பொறுக்கி அனுப்பியிருப்பார்கள்" என்று சொல்ல வழியில்லை.

பார்த்துக்கொள்ளும் விதம்

சரி, குடும்பத்தில் இருப்பது என்ன, இல்லத்தில் இல்லாதது என்ன? எங்கள் ஊர் இல்லம் ஒன்றில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பணி ஓய்வுக்குப் பிறகு ஒன்பது வருஷம் அதன் நிர்வாகக் குழுவில் இருந்தேன். பிறந்த குழந்தையிலிருந்து ஆறு வயது வரை அங்கே இருப்பார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களை மராட்டியில் 'மாவ்ஷி' என்பார்கள். நம் சித்தி, பெரியம்மாதான்.

மத்தியானம் சாதம் ஊட்டும் நேரம். ஒரு மாவ்ஷி ஆறு குழந்தைகளை வரிசையாக உட்கார வைத்து, ஒரே கிண்ணம், ஒரே ஸ்பூன், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வாயில் வைத்துக்கொண்டே போவாள். பதினைந்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். அவள் வாயிலிருந்து வருவது "உட்காரு", "வாயைத் திற", "கையை எடு" என்ற மூன்றே வார்த்தைகள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு அவளுக்கு இருபது பேரின் துணி துவைக்க இருக்கிறது.

இன்னொரு மாவ்ஷி ஸ்பூனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். குழந்தை அதைப் பார்க்கும். "வரணுமா? சூடா இருக்கு, ஊதலாமா?" என்பாள். குழந்தையும் உதட்டைக் குவிக்கும். "பருப்பு போதுமா, இன்னும் வேணுமா?" குழந்தை தலையை ஆட்டும். அதே பருப்பு, அதே சாதம், அதே ஸ்பூன்தான்.

இரண்டாவது குழந்தைக்கு அந்த நேரத்தில் என்னென்ன பாடம் நடந்திருக்கிறது பாருங்கள். நான் செய்ததற்குப் பதில் வருகிறது. அதாவது காரணம், காரியம். சூடு, ஊதல், போதும், இன்னும் என்று நாலு வார்த்தை. அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்ப்பது, அதுதான் ஞாபகசக்தி. ஸ்பூன் வரும்வரை பொறுத்திருப்பது. பிற்காலத்தில் வகுப்பில் கவனமாக உட்காரப்போவது அந்தப் பொறுமைதான். நம் வீடுகளில் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டும்போது ஒரு நாளைக்கு நூறு தடவை இது நடக்கிறது. வரிசையில் உட்கார்ந்த குழந்தைக்கு வயிறு மட்டும் நிரம்புகிறது.

"அப்படியானால் நல்ல சுபாவமுள்ள பெண்களாகப் பார்த்து வேலைக்கு வைத்துவிட்டால் போதுமே" என்று தோன்றும். அங்கேதான் லண்டனில் பார்பரா டிஸார்டும் மற்றவர்களும் 1972-ல் வெளியிட்ட ஆய்வு கண்ணைத் திறக்கிறது. அவர்கள் பார்த்த 13 குழந்தை இல்லங்களில் பொம்மை, புத்தகம், ஆட்கள் எல்லாம் போதுமான அளவு இருந்தன. ஆனாலும் குழந்தைகள் பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனில் இல்லத்துக்கு இல்லம் வித்தியாசம் தெரிந்தது. பூங்காவுக்கு அழைத்துப்போவதற்குக்கூட மேலிடத்தைக் கேட்க வேண்டிய இல்லங்களில் நர்ஸுகள் குழந்தைகளிடம் உத்தரவு மட்டும் போட்டார்கள். ஒரு சிறு குழுவை நர்ஸ் பொறுப்பில் விட்டு, நாளை எப்படி நடத்துவது என்று அவளே தீர்மானிக்க விட்ட இடங்களில், அதே போன்ற நர்ஸுகள் விளக்கிப் பேசினார்கள்; குழந்தைகளும் பதில் பேசினார்கள்; மொழி வளர்ந்தது. ஆக, மாவ்ஷி குழந்தையிடம் எப்படிப் பேசுகிறாள் என்பது, நிர்வாகம் மாவ்ஷியை எப்படி நடத்துகிறது என்பதில் ஆரம்பிக்கிறது.

என் கையெழுத்து

இதையெல்லாம் வகுப்பில் பாடமாக நடத்தியவள் நான். அப்படிப்பட்ட நான் செய்த ஒரு காரியத்தை இந்தச் சபையில் சொல்லத்தான் வேண்டும்.

எங்கள் இல்லத்தில் ஒரு பையன். இரண்டு வயது தாண்டியும் மூன்று வார்த்தைதான் பேசுவான். மூலையில் உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருப்பான். துணி மடிக்கும் மாவ்ஷி ஒருத்தி மத்தியானங்களில் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். "இது யார் சட்டை? சின்னதா, பெரிசா? இந்த சாக்ஸுக்கு ஜோடி எங்கே?" யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. ஆறு மாதத்தில் அவன் ஜோடி சேர்த்துக் கொடுத்தான். எந்தச் சட்டை யாருடையது என்று பேர் சொன்னான். மூலையில் ஆடுவது குறைந்தது. நான் போனால் மாவ்ஷியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். உள்ளுக்குள் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நிர்வாகக் குழுவில் புகார் வந்தது. அவள் ஒரே குழந்தையிடம் பாரபட்சம் காட்டுகிறாள். நாளைக்கு அவன் தத்துப் போனால் இரண்டு பேருக்கும் கஷ்டம். அதனால் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை எல்லா மாவ்ஷிகளையும் அறை மாற்றிப் போடலாம் என்று தீர்மானம். கேட்பதற்கு நியாயமாக இருந்தது. ஏழு பேர் கையெழுத்துப் போட்டோம். ஐந்தாவது கையெழுத்து என்னுடையது.

பையன் சில நாள் துணி அறை வாசலில் போய் நின்றான். பிறகு நிற்பதை விட்டுவிட்டான். பேச்சு குறைந்தது. மூன்று மாதம் கழித்து நான் போனபோது கேட்டிலேயே ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டான். அதற்கு முன் ஒரு நாளும் அவன் என்னிடம் அப்படி வந்ததில்லை. என்னோடு வந்திருந்த உறவுக்காரப் பெண், "உங்ககிட்ட எவ்வளவு ஒட்டுதல் மாமி!" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

அடுத்த கூட்டத்தில் சண்டை போட்டேன். மாற்றிப் போடும் முறையை நிறுத்த இன்னும் இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் அந்த மாவ்ஷி, கூடுதல் சம்பளம் தரும் ஒரு ஃப்ளாட்டில் சமையல் வேலைக்குப் போய்விட்டாள். பையன் பிறகு தத்துப் போனான். நன்றாக இருப்பான் என்று நம்புகிறேன். சிறு வயதில் நல்ல குடும்பம் கிடைத்த குழந்தைகள் எவ்வளவோ மீண்டு வருகிறார்கள். ஆனால் அவனுடைய அந்த ஐந்து மாதத்தை யாரும் திருப்பித் தர முடியாது. "ஒட்டிக்கொள்ள விடாதே, பிரியும்போது வலிக்கும்" என்பது இரக்கத்தில் பிறந்த தவறு. ஒருவரிடம் ஒட்டிக்கொள்ளத் தெரிந்த குழந்தைதான் அடுத்தவரிடமும் ஒட்டிக்கொள்ளும்.

மாற்ற முடியும்

மாற்றுவது முடியாத காரியம் இல்லை. ஹங்கேரியில் எம்மி பிக்லர் என்ற குழந்தை மருத்துவர் 1946-ல் புடாபெஸ்டில் ஓர் இல்லம் தொடங்கினார். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, ஊட்டுவது இவற்றில் அவசரம் கூடாது என்பது அங்கே விதி. "கையைத் தூக்கப் போகிறேன்" என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு, அது பதில் காட்டும்வரை காத்திருந்துதான் சட்டையைப் போட வேண்டும். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டு, பேசிக்கொண்டே எண்ணெய் தேய்த்த நம் பாட்டிகளுக்கு இது புதிதல்ல.

ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்துச் சிசு இல்லங்களில் செய்த மாற்றங்களின் பலனை 2008-ல் வெளியிட்டார்கள். பெரிய கூட்டங்களைச் சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் மாறாத முக்கியப் பணிப்பெண்களை வைத்து, குழந்தையிடம் பேசவும் பதில் கொடுக்கவும் பயிற்சி தந்தார்கள். அறிவும் பேச்சும் வளர்ந்தன. உணவை மாற்றாமலேயே உயரமும் எடையும்கூடக் கூடின.

நம் சமூகத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சகோதரி சுப்புலட்சுமி சென்னையில் இளம் விதவைப் பெண்களை வைத்துப் படிக்க வைத்தபோது, படிப்புக்கு அவர் என்றால், வீட்டைப் பார்த்துக்கொள்ள அவருடைய சித்தி இருந்தார். மாணவியர் இல்லமாக இருந்தாலும் அதில் ஒரு சித்தி இருந்தார் என்பது முக்கியம்.

நாம் என்ன செய்யலாம்?

"அப்போ இனிமேல் சாப்பாடு போடவே கூடாதா?" என்று முன்வரிசையில் ஒரு மாமி கேட்கிறார். தாராளமாகப் போடுங்கள். ஆனால் முதலில் இல்லத்தாரிடம் போய், "உங்களுக்கு எத்தனை மாவ்ஷி குறைகிறது?" என்று கேளுங்கள். பல இல்லங்களில் விசேஷ நாட்களில் ஸ்வீட் மிஞ்சிப்போகிறது. மாதச் சம்பளத்துக்குப் பணம் இல்லை. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் ஒரு மாவ்ஷிக்கு ஒரு வருஷச் சம்பளம் தர முடியும். அவள் வேலையை விட்டுப் போகாமல் இருப்பதே குழந்தைகளுக்குப் பெரிய தானம்.

இரண்டாவது, நேரில் போவதானால் வாரம் ஒரு நாள், அதே நாள், அதே குழந்தைகளிடம், குறைந்தது ஒரு வருஷம் போங்கள். போய் ஏதாவது வேலை செய்துகொண்டே பேசுங்கள். பட்டாணி உரிக்கலாம், துணி மடிக்கலாம். முடியாது என்று தோன்றினால் பணம் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு நாள் கொஞ்சிவிட்டு மறைந்துபோகும் முகங்கள் அந்தக் குழந்தைகளுக்கு ஏற்கெனவே நிறைய. லண்டன் இல்லங்களில் ஒரு குழந்தையை நாலரை வயதுக்குள் சராசரியாக 50 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று கணக்கெடுத்தார்கள். ஐம்பத்தோராவது ஆளாக நாம் போக வேண்டுமா?

மூன்றாவது, இல்லத்தார் அடையாளச் சான்றோ போலீஸ் சரிபார்ப்போ கேட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகளோடு போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடவும் வேண்டாம். 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, அந்தக் குழந்தைகளின் அடையாளத்தை வெளியிடுவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது.

நான்காவது, குழந்தையை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. இல்லத்தில் இருக்கும் குழந்தைகளில் பலருக்கு அம்மாவோ பாட்டியோ உயிரோடு இருக்கிறார்கள், வறுமைதான் பிரித்திருக்கிறது. மத்திய அரசின் மிஷன் வாத்ஸல்யா திட்டத்தில், குழந்தை குடும்பத்திலேயே வளர மாதம் 4,000 ரூபாய் உதவி உண்டு. உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண், "பிள்ளையை ஆசிரமத்தில் விடப் போகிறேன்" என்று அழுதால், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அவளோடு ஒரு நடை போய் மனு எழுதிக் கொடுங்கள். படித்தவர்கள் செய்யக்கூடிய காரியம் அது.

கடைசியாக ஒரு விஷயம். நம் பெண்களும் மருமகள்களும் வேலைக்குப் போகிறார்கள். பேரக் குழந்தைகள் க்ரெச்சில் வளர்கிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை, யாரும் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம். க்ரெச்சைத் தேர்ந்தெடுக்கும்போது ஏ.ஸி. இருக்கிறதா, கேமரா இருக்கிறதா என்று கேட்பதற்கு முன், "என் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆயா எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறார்?" என்று கேளுங்கள்.

எங்கள் இல்லத்தில் இப்போது ஒவ்வொரு மாவ்ஷிக்கும் அவளுடைய குழந்தைகள் என்று ஒரு சிறு குழு உண்டு. அறை மாற்றுவதில்லை. போன மாதம் நான் போயிருந்தபோது ஒரு சின்னப் பெண் என்னைப் பார்த்ததும் வீலென்று அழுதுகொண்டு தன் மாவ்ஷியின் புடவைக்குள் போய் ஒளிந்துகொண்டாள். அந்த மாவ்ஷிக்கு என்னிடம் சங்கடமாகப் போய்விட்டது, மன்னிப்புக் கேட்டாள். "வேண்டாம் அம்மா, இதைப் பார்க்கத்தான் வந்தேன்" என்றேன்.